எட்டு நாற்காலியும் ஒரு சட்டி சிமெண்டும்

மக்களுக்கு வாக்குரிமை கொடுத்தே தீரவேண்டும் என்ற இக்கட்டு வந்துவிட்டால், ஆள்கிறவர்கள் முதலில் எங்கே போவார்கள் தெரியுமா? பூட்டுக் கடைக்கு. கதவைத் திறப்பதற்கு முன்னால் நல்ல திண்டுக்கல் பூட்டாக ஒன்று பார்த்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். பொறுப்புள்ள குடும்பஸ்தர்கள் அல்லவா!

1925-ல் ஜப்பான் அரசு இந்தக் காரியத்தைச் செய்த நேர்த்தியை வேறு எந்த நாட்டிலும் நான் கண்டதில்லை. இருபத்தைந்து வயது நிரம்பிய ஆண்களுக்கெல்லாம் வாக்கு என்று ஒரு சட்டம். நாட்டின் அமைப்பை மாற்றவோ தனிச்சொத்தை மறுக்கவோ சங்கம் வைத்தால், தெரிந்தே அதில் சேர்ந்தால், பத்தாண்டு வரை சிறை என்று இன்னொரு சட்டம். இரண்டும் ஒரே கூட்டத்தொடரில், ஒரே மார்ச் மாதத்தில், ஒரே பிரதமரின் ஆட்சியில் நிறைவேறின. முதலாவதன் பெயர் பொதுத் தேர்தல் சட்டம். இரண்டாவதன் பெயர் அமைதிப் பாதுகாப்புச் சட்டம். ஆளை அடிக்க வரும் சட்டத்துக்கு அமைதி என்று பெயர் வைப்பது உலகெங்கும் உள்ள மரபு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

நான் வியப்பது வேறொன்றை. பூட்டு அந்த மே மாதமே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கதவு திறந்ததோ 1928 பிப்ரவரியில். அந்த இடைவெளியில் கியோட்டோவில் சில மாணவர்கள் புதுச் சட்டத்தில் வழக்கு வாங்கிக்கொண்டார்கள். பொதுத் தேர்தலின் வாக்குச் சீட்டு எந்த நிறம் என்று நாட்டுக்குத் தெரியும் முன்பே, பூட்டுக்குள் விரல் நசுங்கினால் எப்படி வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து 1925 டிசம்பர் 1-ம் தேதி ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். அன்றைக்கே அது தடை செய்யப்பட்டது. தொட்டிலும் பாடையும் ஒரே தச்சனிடம், ஒரே நாளில். செலவு மிச்சம்.

அந்தப் பூட்டுக்குள் வைத்துக் காக்கப்பட்ட பொருளின் பெயர் கொகுதாய். நேராகச் சொன்னால் நாட்டின் உடம்பு. பேரரசர், அவரது தொன்மையான பரம்பரை, அதைச் சுற்றிய புனிதம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு எல்லை எது, அளவு என்ன என்று கேட்டால் திட்டமாகச் சொல்ல ஆளில்லை. நம் ஊர்க் காட்டுக்குள் இருக்கும் முனி மாதிரி: பார்த்தவர் ஒருவருமில்லை, ஆனால் அந்தப் பக்கம் போனால் அடிக்கும். அடிப்பது முனி அல்ல, பூசாரிதான் என்பது அடிவாங்கியவனுக்கு மட்டும் தெரியும்.

*

இந்த வாக்கு யாரால் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வந்தபிறகு அவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

1890-ல் ஜப்பானில் முதல் பொதுத் தேர்தல். ஆண்டுக்குப் பதினைந்து யென் நேர்வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும் வாக்கு. நாலு கோடிப் பேர் வாழும் நாட்டில் வாக்காளர்கள் நாலரை லட்சம், நூற்றுக்கு ஒருவர். 1900-ல் பதினைந்து பத்தானது. 1919-ல் பத்து மூன்றானது. தேசபக்தியை யென் கணக்கில் அளந்து, சந்தையில் கத்திரிக்காய் விலை இறக்குவது போலப் பத்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் 1918-ல் அரிசி விலை ஏறியது. தொயாமா கடற்கரையில் மீனவர் வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடினார்கள். எங்கள் ஊர் அரிசியை எங்கள் கண் முன்னாலேயே கப்பலில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவாயா என்று கேட்டு வழிமறித்தார்கள். உலை கொதிக்கிறது, அரிசி இல்லை. இதைவிடத் தெளிவான அரசியல் அறிக்கை எந்த மொழியிலும் எழுதப்பட்டதில்லை. அந்தத் தீ ஊர் ஊராகப் பரவி, பட்டாளத்தை இறக்கும் அளவுக்குப் போய், ஒரு மந்திரிசபையையே வீட்டுக்கு அனுப்பியது. மக்கள் என்று ஒரு சாதி இருக்கிறது, அதற்குப் பசிக்கும், பசித்தால் தெருவுக்கு வரும் என்பது அரண்மனைக்கு உறைத்தது அப்போதுதான். தெருவில் கத்துவதை விட வரிசையில் நின்று சீட்டுப் போடட்டும் என்ற ஞானமும் பின்னாலேயே வந்தது. அதுவும் உடனே வந்துவிடவில்லை. 1920-ல் வாக்குரிமை மசோதா வந்தபோது, அதற்குப் பதில் சொல்வதை விட நாடாளுமன்றத்தைக் கலைப்பது சுலபம் என்று கலைத்துவிட்டார்கள்.

ஆக, பெண்கள் கிளப்பிய தீயில் குளிர் காய்ந்து, 1925-ல் எல்லோருக்கும் வாக்கு என்று அறிவித்தார்கள். யார் அந்த எல்லோரும்? இருபத்தைந்து வயது நிரம்பிய ஆண்கள்.

பெண்களுக்கு இல்லை. கட்சியில் சேரவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அரசியல் கூட்டத்துக்குப் போய் உட்காரும் பெரும்பேறே 1922-ல்தான் கிடைத்திருந்தது. வறுமையால் பிறர் உதவியில் பிழைக்கும் ஆண்களுக்கும் வாக்கு இல்லை. நிலையான வீடு வாசல் இல்லாதவருக்கு இல்லை. ஒரே ஊரில் ஓராண்டு தங்காதவருக்கு இல்லை. கூலி வேலை தேடி ஊர் ஊராய் அலைகிறவனுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஜப்பான் பிடித்து வைத்திருந்த கொரியாவிலும் தைவானிலும் இந்தத் தேர்தலே இல்லை. அங்குள்ளவர்கள் பேரரசரின் குடிமக்கள், வரி கட்டும் விஷயத்தில் மட்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் கலந்து பேசிக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பார்வையற்றவர்கள் பிரெய்ல் எழுத்தில் வாக்களிக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. மனம் திறந்து பாராட்டுகிறேன். பார்வையற்ற ஆண் விரல் நுனியால் எழுதி ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்து, பட்டம் படித்து, பள்ளியில் அந்த வாக்காளர்களுக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அரசின் கண்ணில் எது குறைபாடு, எது குறைபாடல்ல என்பதற்கு இதைவிட நல்ல மருத்துவச் சான்றிதழ் வேண்டுமா?

*

எப்படியோ, வாக்காளர் எண்ணிக்கை 33 லட்சத்திலிருந்து 1 கோடியே 24 லட்சமானது. ஏறக்குறைய நான்கு மடங்கு. விருந்தாளி நான்கு மடங்காகிவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்குவார்.

வேட்பாளர் என்றால் இரண்டாயிரம் யென் வைப்புத்தொகை கட்ட வேண்டும். சொற்ப வாக்கு வாங்கினால் பணம் போச்சு. நாள்கூலி வாங்குகிறவன் அந்தத் தொகையைக் கனவில்தான் எண்ண வேண்டும். கனவிலும் பாதி எண்ணுவதற்குள் ஆலைச் சங்கு ஊதிவிடும்.

அடுத்த ஏற்பாடுதான் சிகரம். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கக் கூடாது! காசில்லாத கட்சியிடம் இருப்பதெல்லாம் இரண்டு கால்கள். அந்தக் காலைத் தடை செய்துவிட்டால்? ஊழலைத் தடுக்கத்தான் இந்த விதி என்றார்கள். வாசலில் வந்து நின்று கும்பிடுகிறவனால் ஊழல் பரவும். கொழுத்த பெட்டியோடு மாளிகையில் உட்கார்ந்திருப்பவன் நகரவே வேண்டாம், ஆகவே அவன் சட்டத்தை மீறவே இல்லை. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பும் இருந்தது, மறுக்கவில்லை. வரம்பு மீறுகிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ். போலீஸ் உள்துறை அமைச்சரின் கையில். உள்துறை அமைச்சர் ஆளும்கட்சியில். இந்த வட்டத்தில் எங்காவது ஓட்டை தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. தட்டான் தட்டிய வளையல் மாதிரி அவ்வளவு சுத்தம்.

பெரிய கட்சிகள் இரண்டு. செய்யுகாய், மின்செய்தோ. முன்னதுக்கு மிட்சுயி குழுமத்தோடு நெருக்கம், பின்னதுக்கு மிட்சுபிஷியோடு. எல்லோருக்கும் வாக்கு என்ற சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் காட்டோ தகாகி, மிட்சுபிஷியைத் தோற்றுவித்தவரின் மருமகன். ஆக, புதிதாக வாக்குப் பெற்ற தொண்ணூறு லட்சம் ஆண்களுக்கும் கொள்கைப் பஞ்சம் வராது. ஒரு கடைக்கு மிட்சுயியின் கல்லாப்பெட்டி, எதிர்க்கடைக்கு மிட்சுபிஷியின் கல்லாப்பெட்டி. எந்தக் கடையில் வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. அதற்குப் பெயர்தான் ஜனநாயகம்.

*

இனி நம் கதாநாயகர் மேடைக்கு வருகிறார். எழுந்து நின்று கைதட்டுங்கள்.

சுசுகி கிசபுரோ. வண்டி விற்கும் சுசுகி அல்ல, இவர் வேறு. அரசு வழக்கறிஞராகத் தொடங்கி, நீதித்துறை அமைச்சராக இருந்து, தளபதி தனாகா கீச்சியின் மந்திரிசபையில் உள்துறை அமைச்சரானவர். அதே மந்திரிசபையின் தலைமைச் செயலாளர் ஹதோயாமா இச்சிரோ, இவர் மனைவியின் தம்பி. மாமனும் மைத்துனனும் சேர்ந்து நடத்தும் கல்யாணத்தில் பந்தியில் யாருக்கு அப்பளம் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அன்றைய ஜப்பானில் மாகாண ஆளுநர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உள்துறை அமைச்சகம் நியமிக்கும். ஆட்சி மாறினால் ஆளுநரும் மாறுவார், ஆளுநர் மாறினால் போலீஸ் அதிகாரியும் மாறுவார். கூட்டமாக ஆட்களைத் தூக்கி, தமக்கு வேண்டியவர்களை உட்காரவைத்துவிட்டுத்தான் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். நடுவரைத் தேர்ந்தெடுத்த பிறகு பந்தயம் நடத்துவது எல்லோரும் செய்வது. நடுவருக்கு நம் கட்சிச் சட்டையையே போட்டுவிடுவதில்தான் சுசுகியின் தனித்திறமை.

அப்போதைய பிரச்சாரக் கூட்டம் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். குளிர்கால இரவு, அரங்கு முழுக்கத் தொழிலாளர்கள். மேடையில் பேச்சாளர். அவருக்குப் பக்கத்தில், அதே மேடையில், தனியாக ஓர் ஆசனம். அதில் சீருடையோடு ஒரு போலீஸ் அதிகாரி, இடுப்பில் வாள். தலைமை தாங்க வந்தவர் அல்ல, சிறப்பு விருந்தினரும் அல்ல. பேச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பார். கூலி என்று பேச்சாளர் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். நிலக்குத்தகை என்றால் தொண்டையைச் செருமுவார். எந்தச் சொல்லில் அவருக்கு எரிச்சல் வருகிறதோ அந்தச் சொல்லில் எழுந்து நின்று ஒரு சத்தம் போடுவார்: பேச்சாளரே, நிறுத்து! அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இன்னும் எரிச்சல் வந்தால் கூட்டமே முடிந்தது. பேச்சு எந்த வாக்கியத்தில் அறுபடும் என்று பார்ப்பதற்கே கூட்டம் சேர்ந்திருக்கும். வேட்பாளர் அரை வாக்கியம் பேசினார், மிச்ச அரை வாக்கியத்தை அரசு பேசியது. இரண்டையும் சேர்த்துக் கேட்ட மக்களுக்குப் பொருள் நன்றாகவே விளங்கியது.

பிறந்த அன்றே தடையான அந்தக் கட்சிக்குப் பின் புதிதாகத் தோன்றிய தொழிலாளர் விவசாயிகள் கட்சியின் தலைவர் ஒயாமா இகுவோ, பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். குத்தகை விவசாயிகளின் சங்கம் வலுவாக இருந்த ககாவா மாகாணத்தில் நின்றார். போலீஸ் அங்கே அவருக்காகவே ஓவர்டைம் பார்த்தது. கூட்டங்கள் கலைக்கப்பட்டன, ஆதரவாளர்கள் அள்ளிச் செல்லப்பட்டார்கள். ஒயாமா தோற்றார். மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்க வேண்டியதுதான்; ஆனால் அந்தத் தீர்ப்பில் யாருடைய கையெழுத்து என்று மட்டும் கேட்கக் கூடாது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், பிப்ரவரி 19. சுசுகி ஓர் அறிக்கை விட்டார். எதிர்க்கட்சியான மின்செய்தோ, நாடாளுமன்றத்தை மையமாகக் கொண்ட அரசியல் என்று தன் கொள்கையில் எழுதியிருக்கிறது. இது ஆங்கிலேய, அமெரிக்க வழியில் வந்த ஆபத்தான எண்ணம். பேரரசரின் ஆட்சி அமைப்புக்கு ஒவ்வாதது. இதுதான் அறிக்கையின் சாரம். நாளைக் காலையில் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். நடத்துகிறவர் இவர். இன்று மாலை இவர் சொல்கிறார், நாடாளுமன்றத்தைப் பெரிதாக நினைப்பது தேசத்துரோகத்துக்குப் பக்கத்து வீடு என்று. பந்தியில் இலை போட்டுவிட்டு, சோறு கேட்பது ஒழுக்கக்கேடு என்று மைக்கில் அறிவித்த மாப்பிள்ளை வீட்டுக்காரரை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா? மின்செய்தோ ஒன்றும் புரட்சிக் கட்சியல்ல. பட்டுக் கிமோனோவும் வங்கிக் கணக்கும் உள்ள கனவான்கள். மிட்சுபிஷியின் நண்பர்களுக்கே துரோகிப் பட்டம் என்றால், ஆலைத் தொழிலாளிக்கு என்ன பட்டம் மிச்சம் இருந்திருக்கும்?

*

1928 பிப்ரவரி 20. வாக்குப்பதிவு.

அன்றைய ஜப்பானில் வாக்குச் சீட்டில் சின்னம் கிடையாது, முத்திரை கிடையாது. வேட்பாளரின் பெயரை வாக்காளர் தன் கையாலேயே எழுத வேண்டும். பெயர் அச்சிட்டுத் தர மாட்டார்கள், வேறொருவர் எழுதித்தரவும் கூடாது. எழுத்து வராவிட்டால் வாக்கு இல்லை. ஆயுளில் தன் பெயரையே நாலு தடவை எழுதியிருக்காத ஒரு மனிதன், பெஞ்சில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வேறொருவன் பெயரைக் கோடு கோடாக இழுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதுவரை அவன் கையெழுத்து கடன் பத்திரத்துக்கு மட்டுமே தேவைப்பட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவன் எழுதியதைப் பார்த்து எதிரில் இருப்பவன் பயந்தான்.

சுமார் 80 சதவீதம் பேர் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். இந்த மக்களுக்கு அரசியல் பக்குவம் வரவில்லை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த பெரிய மனிதர்கள் அன்று வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்களோ!

எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 466 இடம். செய்யுகாய் 217. மின்செய்தோ 216. அவ்வளவு போலீசையும் அவ்வளவு ஆளுநர்களையும் இறக்கி, சுசுகி தன் கட்சிக்குச் சம்பாதித்துத் தந்த லாபம் ஒரே ஒரு நாற்காலி. மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதாவது பரவாயில்லை, எலியாவது ஓடும்.

உழைக்கும் மக்களின் கட்சிகள் எல்லாம் சேர்ந்து பெற்றவை எட்டு.

எட்டு. 466-ல் எட்டு. எட்டுப் பேரும் ஒரே கட்சியுமல்ல. நாலு கட்சிகளாகப் பிரிந்து தமக்குள்ளேயே மல்லுக்கு நின்றவர்கள். அவையில் ஒரு பெஞ்சு முழுதாக நிரம்பாது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் பின்வரிசையில் தூங்குகிற உறுப்பினரின் தூக்கம் கலையாது. பேரரசு, தரைப்படை, கடற்படை, மிட்சுயி, மிட்சுபிஷி, பொதுமக்கள் வாக்கே தொடாத பிரபுக்கள் சபை எல்லாம் ஒரு தட்டில். எட்டு நாற்காலி மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஆனால் ஆள்கிறவர்களுக்குத் தராசு வேறு மாதிரி தெரிகிறது. அவர்கள் பார்த்தது எட்டை அல்ல. எட்டுக்குப் பின்னால் ஒன்பது வருமே என்ற கணக்கை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை நமக்குத் தெரியும். அவனாவது எலியைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொளுத்தினான்.

மார்ச் 15. தேர்தல் முடிந்து இருபத்துநாலு நாள். விடிவதற்கு முன் நாடெங்கும் கதவுகள் தட்டப்பட்டன. வீடு வீடாகப் போகக் கூடாது என்ற விதி வேட்பாளர்களுக்குத்தான், போலீசுக்கு இல்லை. சுமார் 1,600 பேர் அள்ளப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சி ரகசியமாக இயங்கியதும், தேர்தலில் துண்டறிக்கை போட்டதும் உண்மை. அந்தத் துண்டறிக்கைகளை எடுத்துப் படித்தவன், படித்தவனுக்குச் சோறு போட்டவன், சோறு போட்டவனுக்குச் சங்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று பட்டியல் நீண்டது. கணக்கில் எனக்கு ஆர்வம் உண்டு, போட்டுப் பார்த்தேன்: நாற்காலிக்கு இருநூறு பேர். எட்டில் அரசின் கண்ணை உண்மையாக உறுத்தியது தொழிலாளர் விவசாயிகள் கட்சியின் இரண்டு பேர்தான் என்று வைத்துக்கொண்டால், நாற்காலிக்கு எண்ணூறு. வாக்கு என்ற பொருளுக்கு அந்த ஆண்டு ஜப்பானில் இருந்த சந்தை நிலவரம் இது.

பிடித்ததைப் பத்திரிகைகள் எழுதக் கூடாது என்று தடை. ஏப்ரல் 10-ம் தேதி தடையை விலக்கிய அன்றே தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் கலைத்துவிட்டார்கள். செய்தியும் சாவுச் செய்தியும் ஒரே பதிப்பில் வரட்டும் என்ற அக்கறை.

தேர்தலில் தலையிட்ட அக்கிரமத்துக்காக நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் பிடித்த பிடியில் சுசுகி மே மாதம் பதவி விலகினார். மக்களாட்சி வென்றது என்று கைதட்டத் தோன்றுகிறதா? கையைக் கீழே விடுங்கள். பத்தாண்டுச் சிறை போதவில்லை, தூக்குத் தண்டனையையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. நிறைவேறாவிட்டால் என்ன? அவை கூடாத ஜூன் மாதத்தில் பேரரசரின் அவசர ஆணையாகவே அதைப் பிறப்பித்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த அவை, தூக்குக் கயிறு முறுக்கும்போது கூப்பிட வேண்டிய அளவுக்கு முக்கியமானதாக இல்லை. முறுக்கி முடித்த பிறகு, நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

அப்படிக் கேட்ட நாள் 1929 மார்ச் 5.

*

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இனி முடியவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் யமமோட்டோ சென்ஜி. மக்கள் சுருக்கமாக யமசென் என்பார்கள். கியோட்டோவுக்குப் பக்கத்து ஊஜியில் ஆற்றங்கரை விடுதி நடத்திய குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதில் தோட்டக்கலை படிக்கக் கனடாவுக்குப் போனவர். பிறகு உயிரியல் அறிஞர். ஏழைத் தொழிலாளர்களிடம் போய்க் கருத்தடை பற்றியும் உடம்பைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசியவர். நாட்டின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்ட அரசுக்கு, மனிதர்களின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்ட இவரைப் பிடிக்காமல் போனது இயல்பு.

தூக்குத் தண்டனை ஆணைக்கு அவை ஒப்புதல் தந்த அன்று, எதிர்த்துப் பேச அவர் உரையோடு வந்திருந்தார். விவாதம் போதும் என்று ஆளும்கட்சி முடித்துவைத்துவிட்டது. மேடையில் வாளோடு உட்கார்ந்து நிறுத்து என்று கத்துவதற்கும், அவையில் கைதூக்கி விவாதத்தை முடிப்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவதில் தொண்டை வலிக்காது. பேசாத உரையோடு அவர் டோக்கியோவில் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பினார். அன்றிரவு வலதுசாரிக் கும்பலைச் சேர்ந்த ஒருவன் அவரைத் தேடி வந்து கத்தியால் குத்திக் கொன்றான். அவருக்கு வயது 39.

பகலில் தூக்குத் தண்டனைக்குச் சட்டம். இரவில் சட்டமில்லாமலே தண்டனை. கொன்றவன் தனியாள் என்றார்கள். கத்தியைப் பிடித்த கை ஒன்று, சரி. அவரைத் துரோகி என்று ஓராண்டாகச் சுட்டிக்காட்டிய விரல்கள் எத்தனை? முந்தைய பிப்ரவரியில் ஓர் அமைச்சர் அறிக்கையில் எழுதிய சொல், அடுத்த மார்ச்சில் ஒருவன் கையில் இரும்பாகிவிட்டது. அமைச்சர்கள் யாரையும் குத்துவதில்லை. இன்னார் நாட்டுக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அந்த எட்டில் சேராத இன்னொருவர், எழுத்தாளர் கொபயாஷி தகிஜி. ஹொக்கைடோவில் ஒதாரு துறைமுகத்து வங்கி ஊழியர். 1928 தேர்தலில் தொழிலாளர் விவசாயிகள் கட்சி வேட்பாளருக்காக வேலை செய்தவர். மார்ச் 15 கைதுகளையும், பிடித்தவர்களைக் காவல் நிலையத்தில் வதைத்த விதத்தையும் கதையாக எழுதினார். 1933-ல் அவரையே பிடித்தார்கள். பிடித்த அன்றே செத்தார். இதயம் நின்றுவிட்டது என்றது போலீஸ். பொய்யில்லை, எந்தச் சாவிலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். உடம்பெல்லாம் காயம். பிணப் பரிசோதனை செய்ய மருத்துவமனைகள் மறுத்துவிட்டன. அவர் செத்த தேதி பிப்ரவரி 20. எல்லோருக்கும் வாக்கு என்று நாடே வரிசையில் நின்றதே, அதே தேதி. சரியாக ஐந்தாம் ஆண்டு நிறைவு.

தேதிக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. 1936 பிப்ரவரி 20, மறுபடி பொதுத் தேர்தல். செய்யுகாய் கட்சித் தலைவராக உயர்ந்துவிட்டிருந்த சுசுகி கிசபுரோ தன் தொகுதியிலேயே தோற்றார். யாரோ சில ஆயிரம் பேர் குனிந்து உட்கார்ந்து, கோடு கோடாக, வேறு பெயரை எழுதிவிட்டார்கள். அந்த ஒரு செய்தியை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன்.

ஆனால் பூட்டு அப்படியேதான் இருந்தது. மாணவன், பேராசிரியர், பாதிரியார், எழுத்தாளன் என்று ஆளுக்கு ஆள் நசுக்கிக்கொண்டு 1945 வரை இருந்தது. அதைத் திறக்க நாடே போரில் தோற்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த படை உத்தரவு போட்டபிறகே சட்டம் நீங்கியது. பெண்களுக்கு வாக்கும் அப்போதுதான். 1946 ஏப்ரல் 10-ம் தேதி அவர்கள் முதல்முறையாக வாக்களித்து, முப்பத்தொன்பது பெண்களை அவைக்கு அனுப்பினார்கள். தொயாமாவில் அரிசிக் கப்பலை மறித்து இருபத்தெட்டு ஆண்டு ஆகியிருந்தது. மறித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சீட்டைத் தொடக் கை மிச்சம் இருந்ததோ! வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கக் கூடாது என்ற 1925-ன் தடை மட்டும் இன்றுவரை அந்த நாட்டுத் தேர்தல் சட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. நல்ல பூட்டை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

*

யமசென்னின் கல்லறை ஊஜியில் இருக்கிறது. சாவதற்கு முந்தைய நாள் விவசாயிகள் சங்க மாநாட்டில் அவர் பேசியதைக் கல்லில் பொறித்தார்கள். தான் ஒருவனாகக் கோட்டையைக் காத்து நிற்பதாகவும், ஆனாலும் தனிமை தெரியவில்லை, பின்னால் மக்கள் இருக்கிறார்கள் என்றும் பொருள்படும் சில வரிகள். எழுதித் தந்தவர் ககாவாவில் தோற்கடிக்கப்பட்ட ஒயாமா.

போலீஸ் வந்து பார்த்தது. கல் இருக்கலாம், எழுத்து இருக்கக் கூடாது என்றது. ஒரு சட்டியில் சிமெண்ட் குழைத்து, பொறித்த எழுத்துக்களின் பள்ளங்களை நிரப்பிப் பூசவைத்தார்கள். நினைத்துப் பாருங்கள். பட்டாளம் இருக்கிறது, கப்பற்படை இருக்கிறது, மஞ்சூரியாவைப் பிடிக்கப் போகிற பேரரசு. அது ஒரு செத்தவனின் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கரண்டியால் எழுத்தைப் பூசிக்கொண்டிருக்கிறது. வாக்குச் சீட்டில் எழுதப்பட்ட எட்டுப் பெயர்களைக் கண்டு தொடங்கிய நடுக்கம், கல்லறை வரை போயும் நிற்கவில்லை.

சில நாளில் சிமெண்ட் சுரண்டப்பட்டிருந்தது. மறுபடி பூசினார்கள். மறுபடி யாரோ சுரண்டினார்கள். பூசுவதும் சுரண்டுவதுமாகவே போர் முடியும் வரை ஓடியது.

பூசியவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும். சுரண்டியவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களா, அதில் இடம் கிடைக்காத பெண்களா, எழுதவே தெரியாத கூலிகளா, கடைசிவரை தெரியவில்லை. இருட்டில் வந்து, ஆணியோ உளியோ ஏதோ ஒன்றால், மூடிய எழுத்தை ஒவ்வொரு கோடாகத் திறந்துவிட்டு, பெயர் சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

ரகசிய வாக்கு என்றால் அது.